எத்திராஜ் வீட்டுக் கடல்

சித்தூர் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்த வருஷம், பங்குனிக் கடைசியில், தக்காளியை வாங்க ஆளில்லாமல் புத்தூர் மார்க்கெட்டில் மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நெல்லம்பூடி எத்திராஜ் வீட்டுக்குள் கடல் வந்தது. முதல் நாள் கணுக்கால் அளவுதான். வாசற்படி வரைக்கும் வந்து, அங்கே கண்ணாடி வைத்துத் தடுத்ததுபோல நின்றுகொண்டது. கதவு திறந்தே கிடந்தும் தெருவுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. மறுநாள் காலையில் கிராம சச்சிவாலய ஆபீஸிலிருந்து வந்த வருவாய் அதிகாரி வி.ஆர்.ஓ. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பே. சமுத்திரம் நீள்ளே" என்று, கடல் தண்ணீர்தான் என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் காலைத் துடைத்துக்கொண்டார். நெல்லம்பூடியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் சத்தியவேடு தாண்டி, தடா தாண்டி, அதற்கப்புறமும் போக வேண்டும். ஆனால் பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் மாலுமிகள் நகரி மலையின் மூக்கைத்தான் கடலிலிருந்து அடையாளம் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்றும், இத்தனை காலம் தூரத்தில் நின்று பார்த்த கடல் இப்போது கிட்டத்தில் பார்க்க வந்திருக்கிறது என்றும் ரிட்டையரான ஹெட்மாஸ்டர் டீக்கடையில் சொன்னார். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. மூணு பேஸ் கரண்ட் வரும் நேரமாகிவிட்டதால் எல்லோரும் வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு வசந்தா மட்டும் தன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுமா என்று கேட்டாள். ஏறவில்லை.

காரணம் ஊருக்குத் தெரியாமல் இல்லை. கடல் வந்த அன்று மத்தியானம் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் எத்திராஜின் மனைவி சுந்தரிக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். இனி வாரத்துக்கு இரண்டு தடவை வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும், உப்பைத் தொடக்கூடாது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார். எத்திராஜ் அந்தப் பக்கத்தில் பயமில்லாதவன் என்று பேரெடுத்த ஆள். மாந்தோப்பில் நல்ல பாம்பு தென்பட்டால் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவான். யாருடைய கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் அவன்தான். ஐம்பதை நெருங்கும் வரைக்கும் பயம் என்றால் என்னவென்று தெரியாததால், அது வந்தபோது அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர்கள் திரும்பி வந்த பஸ்ஸில் ரேணிகுண்டாவிலிருந்தே அவனுடைய சீட்டுக்குக் கீழே நனைந்திருந்ததாகக் கண்டக்டர் பிறகு சொன்னார். எத்திராஜ் வீட்டுக்குள் காலை வைத்ததும் அவன் பின்னாலேயே தண்ணீரும் வந்தது. அவன் நடு வீட்டில் கணுக்கால் நனைய நின்றுகொண்டு, "இன்னாமே இது?" என்று கேட்டான். அடுப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்த சுந்தரி திரும்பிப் பார்த்தாள். "தண்ணி. நீ ஒக்காரு, ஒரு வாய் சோறு துன்னு" என்றாள். அவள் தண்ணீரின் மேலே நடந்துகொண்டிருந்தாள். சேலைக் கரை காய்ந்தே இருந்தது.

சுந்தரிக்கு ஆண்டவரைத் தெரிந்தது இருபது வருஷத்துக்கு முன்னால். மூத்தவள் ஸ்வர்ணலதாவுக்குப் பிறகு ஒரு ஆண் குழந்தை வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசாமல் கிடந்தாள். புத்தூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சபை இருக்கிறது. வார நாளில் ஆட்டோ ஓட்டுகிற நாகையாதான் அதற்குப் பாஸ்டர். ஒரு நாள் அவருடைய ஆட்டோவில் ஏறிய சுந்தரி இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அழுதுகொண்டே இருந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் சபைக்குப் போனாள். எத்திராஜ் தடுக்கவில்லை. அவன் புரட்டாசி தவறாமல் மலையேறிப் பெருமாளைச் சேவித்து வருகிறவன். ஞாயிறு தோறும் அவளை டி.வி.எஸ்ஸில் கொண்டுபோய்ச் சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாட்டு எடுக்கும் சுந்தரியின் குரல் தகரத்தில் பட்டுத் தெருவுக்கு வரும். அது அவனுக்குப் பிடிக்கும். உள்ளே போனதில்லை.

கடல் வந்த பிறகு வீடு ஒரு வழக்கத்துக்கு வந்தது. தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் எத்திராஜின் நெஞ்சைப் பொறுத்திருந்தது. சுந்தரி மெஷினில் படுக்கும் நாளில் முழங்கால், மற்ற நாளில் கணுக்கால். ஒரு தடவை அவளுக்கு மூச்சுத் திணறி முகம் வீங்கியபோது இடுப்பு வரைக்கும் வந்து அரிசி மூட்டை வீணானது. உப்பும் தண்ணீரும் ஆகாது என்று டாக்டர் சொன்ன வீட்டில் இரண்டும் சேர்ந்தே வந்து குடியிருந்தன. சுந்தரி அதன் மேலே நடந்து உப்பில்லாத கஞ்சி வைத்தாள். தாகம் தாங்காத மத்தியான வேளையில் வசந்தா வீட்டு பிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு, கரைகிற வரைக்கும் கண்ணை மூடியிருந்தாள். மெஷின் ஊசிக்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்த இடத்தில், தோலுக்கு அடியில் ரத்தம் வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். சாயங்காலத்தில் எத்திராஜ் அந்தக் கையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். அந்தச் சத்தம் கேட்கும் வரை தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

நாகையா பார்க்க வந்த நாளில் தெருவே வாசலில் கூடியது. பாஸ்டர் எப்படி நடக்கிறார் என்று பார்க்க ஆசை. "வந்தனாலு ஐயகாரு" என்று சுந்தரி உள்ளேயிருந்து கும்பிட்டாள். அவரும் கையெடுத்துக் கும்பிட்டு, தைரியமாக ஒரு அடி எடுத்து வைத்தார். தொடை வரைக்கும் இறங்கிவிட்டார். வெள்ளைப் பேண்ட் உப்பிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் அப்படியே நின்றுகொண்டு, "நாக்கு கூட பயமேம்மா. எனக்கும் பயந்தான். மைக்குல பேசும்போது வெளிய தெரியாது, அவ்ளோதான்" என்றார். பிறகு, "நீ இல்லாம பாட்டு யாரு எடுப்பாங்கன்னு நெனச்சேன். அதான் உள்ள போயிட்டேன்" என்றார். அந்தத் தண்ணீரில் நின்றபடியே ஜெபம் பண்ணினார். முடிக்கும்போது முழங்காலுக்கு இறங்கியிருந்தது. எத்திராஜ் அவருக்குத் தன் வேட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினான். அதிலிருந்து அவனுக்கு அந்த மனுஷன் மேல் ஒரு மரியாதை வந்தது.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் எத்திராஜின் ரத்தத்தைப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. அவனுடைய ஒரு கிட்னியை எடுத்து அவளுக்கு வைக்கலாம், இன்னும் நிறைய வருஷம் இருப்பாள் என்றார்கள். அவன் உடனே சரி என்றான். தேதி குறித்தார்கள். ஊரில் எல்லோரும் அவனைப் பார்த்துப் பெருமையாகப் பேசினார்கள். அந்தப் பேச்சு கூடக் கூட வீட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. கிணற்றில் இறங்குகிறவனுக்குக் கத்தி என்றதும் என்ன வந்ததோ தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பிறகு கண் விழிக்காமலே போய்விட்டால் என்பது மட்டும்தான் அவன் மண்டையில் ஓடியது. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

போகிற நாளன்று இரண்டு பேரும் துணிப்பையோடு திருப்பதி பஸ்ஸில் ஏறினார்கள். வடமாலப்பேட்டையில் பஸ் நின்றபோது, "தண்ணி பாட்டில் வாங்கியாறேன்" என்று எத்திராஜ் இறங்கினான். இறங்கியவன் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஜன்னலோரம் இருந்த சுந்தரி அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அந்த வண்டிச் சக்கரத்தின் சலங்கைச் சத்தம் அதற்குப் பிறகு அவனுக்கு எப்போதுமே பிடிக்காமல் போனது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி வைத்து, "மீ ஆயன ராலேதேம்மா" என்று அவன் வராததைக் கேட்டபோது, சுந்தரி துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம், "ரைட் சொல்லுப்பா. அவரு வரமாட்டாரு" என்றாள். பஸ் போனது.

எத்திராஜ் திரும்பி வந்தபோது வீட்டில் தண்ணீர் மார்பளவு நின்றது. அவன் பரணில் ஏறிச் சட்டி பானைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். ஆஸ்பத்திரியில் வழக்கம்போல மெஷினில் மட்டும் போட்டு அனுப்பிவிட்டதால் சுந்தரி சாயங்காலமே தனியாக வந்து சேர்ந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே ஒரு அடி வைத்தாள். அந்த அடி தாங்கவில்லை. கணுக்கால் போனது, முழங்கால் போனது, சேலை நனைந்து மிதந்தது, கழுத்து வரைக்கும் போய்விட்டாள். பரணிலிருந்து எத்திராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான். சபையில் எல்லோரும் ஆண்டவரை நீர், உமது என்றுதான் கூப்பிடுவார்கள். சுந்தரி அன்று பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவது மாதிரிப் பேசினாள். "ஆண்டவரே, பயமா கீது. முழுவுறேன். கைய குடு" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தோள் மேலே வந்தது, இடுப்பு வந்தது, கால் வந்தது. தண்ணீரின் மேல் நின்று முந்தானையைப் பிழிந்தாள்.

"சுந்தரி, நானு..." என்றான் அவன்.

"தெரியும். எறங்கி வா."

"உனுக்கு பயமே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"யாரு சொன்னா? டெய்லி முழுவுறேன். நீ பாக்கறதுக்குள்ள கூப்ட்டுக்கினு மேல வந்துடுவேன். இன்னிக்கி கொஞ்சம் லேட்டாயிடுச்சி."

அவன் அழுதான். "எம்மேல கோவம் இல்லியா?"

"கீது" என்றாள் அவள். "ரொம்ப கீது. அதுக்குன்னு நீ பரணுலயே குந்திக்கினு இருப்பியா? கஞ்சி வெக்கறேன், வா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்வர்ணலதா வந்தாள். நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அம்மாவுக்கு ஆண்டவர், அப்பாவுக்குப் பெருமாள் என்று இருந்த வீட்டில் அவள் யாரையும் கும்பிடாமல் வளர்ந்தவள். வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றுகொண்டு, "பாம்ப புடிச்சியே நைனா, இதுக்கா ஓடியாந்த?" என்று கேட்டாள். தன் கிட்னியைக் கொடுப்பதாகச் சொன்னாள். சுந்தரி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். அன்று ஸ்வர்ணலதா சாப்பிடாமல் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அப்பாவோடு பேசவில்லை. போன் வந்தால் எத்திராஜ் எடுத்து அப்படியே சுந்தரியிடம் கொடுப்பான்.

இரண்டு மழைக்காலம் போனது. மெஷின் நாட்கள் இரண்டிலிருந்து மூன்றாயின. சுந்தரி இளைத்து, கறுத்து, தலைமுடி கொட்டி, நாற்பத்தைந்து வயதில் தன் அம்மாவைப்போல ஆனாள். சபையில் இப்போது உட்கார்ந்துதான் பாட்டு எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் டீக்கடைக்குப் போகாமல் உள்ளே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தான், ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒரு காலைத் தூக்கித் தண்ணீரின் மேல் வைத்துப் பார்ப்பான். கால் நேராகத் தரைக்குப் போய்விடும். நாகையாவிடம் இதைச் சொன்னபோது, அவர் ஆட்டோவின் சீட்டைத் துடைத்துக்கொண்டே, "நாது கூட அந்தே" என்றார். அவருடைய கதையும் அதேதான் என்பதைக் கேட்டு எத்திராஜுக்கு ஏனோ தெம்பாக இருந்தது.

கடல் வந்து மூன்று வருஷம் கழிந்த வைகாசியில், பெங்களூரா மாங்காய் கூழ் பேக்டரிக்குப் போகிற சமயம், தோப்பில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுந்தரி நிழலில் சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். எத்திராஜ் கையில் மாங்காய்ப் பால் வடிய வந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"திரும்பவும் டாக்டர்கிட்ட தேதி கேக்கலாமா?"

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "பயம் போயிடுச்சா?"

"இல்ல. அதையும் கூட இட்டுக்கினு வரேன்."

சுந்தரி சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

இந்தத் தடவை வடமாலப்பேட்டையில் பஸ் நின்றபோது எத்திராஜ் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காலடியில் தண்ணீர் சலசலத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொட்டைத் தலை யாத்ரீகர் ஒருவர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சுந்தரி அவன் கைமேல் கையை வைத்தாள். பஸ் கிளம்பியது. டோல்கேட் தாண்டிய பிறகுதான் அவன் கம்பியை விட்டான். விரல்களை அவனால் நீட்ட முடியாததால் அவள் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள்.

ஆண்கள் வார்டில் அவனுடைய கட்டிலைச் சுற்றிக் கடல் வந்து நின்றது. பெருக்குகிற அம்மாள் பக்கெட் பக்கெட்டாக அள்ளிக் கொட்டிவிட்டு, "நீ அழுதுக்கினே இரு, நான் அள்ளிக்கினே இருக்கேன்" என்று திட்டினாள். அவன் எங்கும் போகவில்லை. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றான். ஆபரேஷனுக்கு முதல் நாள் சுந்தரிக்குக் காய்ச்சல் வந்தது. தள்ளி வைத்தார்கள். காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கியது. இவ்வளவு நாள் மெஷினில் ஓடிய உடம்பில் எதிர்க்கச் சக்தி இல்லை, இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருந்தால் தாங்கியிருப்பாள் என்று ஒரு சின்ன டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வடமாலப்பேட்டை விஷயம் தெரியாது. எத்திராஜ் தலையாட்டினான்.

ஐ.சி.யு.வில் அவனை உள்ளே விட்டது ஒரு காலை நேரத்தில். ஜன்னல் வழியாகத் திருமலை மலையும் அதன் மேல் வெயிலும் தெரிந்தன. சுந்தரியின் மூக்கில் குழாய், வாய் காய்ந்து வெடித்திருந்தது. அவன் அவளுடைய இடது கையை எடுத்துக் காதில் வைத்தான். வண்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது.

"வந்துட்டியா" என்றாள்.

"வந்துட்டேன். எங்கயும் போவல."

"தெரியும்."

"பயமா கீதாமே?"

அவள் யோசித்தாள். எப்போதும் போல உண்மையைத்தான் சொன்னாள். "கீது. கூப்ட்டுப் பாத்தேன். மூச்சு பத்தல."

எத்திராஜ் சுற்றிப் பார்த்தான். ஒரு நர்ஸ் மட்டும் இருந்தாள். அவன் வாழ்க்கையில் அதற்கு முன்னால் ஜெபம் பண்ணினதில்லை. எப்படி ஆரம்பிப்பது, நீர் என்பதா, நீ என்பதா என்று தெரியவில்லை. கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, சுந்தரி முழுவுறா. அவளால கூப்ட முடியல, நானு கூப்புட்றேன். அவளுக்கு கைய குடு" என்றான். இன்னொரு தடவையும் சொன்னான். இரண்டாவது தடவை சொல்லும்போது நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுந்தரியின் முகம் தளர்ந்தது. தண்ணீரிலிருந்து ஏறி வந்தவள் மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "குடுத்துட்டாரு" என்றாள். மத்தியானத்துக்குள் கையிலிருந்த சத்தம் நின்றுபோனது. அவன் வேறு இடத்தில், வேறு இடத்தில் என்று காதை மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸுகள்தான் வந்து அந்தக் கையை அவனிடமிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் நெல்லம்பூடிக்கு வந்தபோது வீடு வாசல் நிலையின் மேல் சட்டம் வரைக்கும் நிறைந்திருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பச்சையாகக் கடல் நின்றது. அதில் சுந்தரியின் கஞ்சிச் சட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் பந்தல் போட்டு அங்கேயே கிடத்திவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். எத்திராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ வூட்டுக்குள்ள வராம போவமாட்டா" என்றான். செருப்போடு வாசலுக்கு நடந்தான். நிற்கவில்லை. அந்தப் பச்சைச் சுவருக்குள் அப்படியே போனான். தலை மறைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு அவனுடைய வெள்ளை வேட்டி தெரிந்தது, பிறகு ஒரு கை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. கிணற்றில் நீந்திப் பழகினவன் கையைக் காலை அடிக்கவே இல்லை. அவன் கூப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவன் கூப்பிட விரும்பவில்லை என்பது வசந்தாவுக்குத் தெரிந்தது. அவள் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போது, செய்தி கேட்டு வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஸ்வர்ணலதா அம்மாவின் சவப்பெட்டியை விட்டு எழுந்து வந்தாள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய கடவுளிடமும் பேசிப் பழகாதவள், தொண்டை கிழியக் கத்தினாள். "எங்கம்மாவோட ஆண்டவரே, எங்க நைனாவ வுட்றாத! அம்மாவ எடுத்துக்கின இல்ல, இவர வுட்றாத!" அது ஜெபமா சண்டையா என்று சொல்ல முடியவில்லை. நாகையா தெரு மண்ணில் முழங்கால் போட்டுவிட்டார்.

ஓட்டுக் கூரைக்கு அடியில், நடு விட்டத்துக்குக் கீழே, எத்திராஜ் மேலே வந்தான். இருமினான். கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, எழுந்து நின்றான். தண்ணீர் அவனைத் தாங்கியது. நனைந்த வேட்டியோடு அந்தக் கடலின் மேல் நின்றுகொண்டு, பிள்ளையைத் தொலைத்த ஆள் மாதிரி வாய்விட்டு அழுதான். அவன் அழ அழத் தண்ணீர் இறங்கி ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. "இட்டாங்க" என்று சொன்னான். ஒரு பெஞ்சைப் போட்டு ஏறி, பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்கள். கடலின் மேல் பெட்டி அசையாமல் இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி உள்ளே போனார்கள். சிலருக்கு இடுப்பு வரை நனைந்தது, சிலருக்குக் கணுக்கால், சிலருக்கு ஒன்றுமில்லை. அன்று யாரும் யாருடைய காலையும் பார்க்கவில்லை. ஸ்வர்ணலதா முழங்கால் தண்ணீரில் நின்றபடி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சபைக்காரர்கள் பாட்டு எடுக்க யாருமில்லாமல் விழித்தபோது நாகையா ஆரம்பித்தார். சுருதி சேரவில்லை. ஆனாலும் எல்லோரும் கூடவே பாடினார்கள். ரயில் பாதைக்கு அப்பால் உள்ள கல்லறையில் பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணினார்கள்.

கடல் அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஜன்னல் மட்டத்திலேயே நின்றுவிட்டது. எத்திராஜ் அதன் மேல் குடியிருக்கிறான். லைன்மேன் வந்து சுவிட்ச் போர்டை உயரத்தில் மாற்றிக் கொடுத்தார். அடுப்பைப் பரணுக்குப் பக்கத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறான். கேஸ் சிலிண்டரை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போகிறார்கள். ஸ்வர்ணலதா வாசலுக்கு ஒரு இரும்புப் படி செய்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி உள்ளே வந்து, கணுக்கால் நனைய நடந்து அப்பாவுக்குச் சமைத்து வைப்பாள். சாப்பிட்டுவிட்டு இருவரும் டி.வி.எஸ்ஸில் சபைக்குப் போவார்கள். அவன் உள்ளே போவான். அவள் சில வாரம் உள்ளே போவாள், சில வாரம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பாள். வடமாலப்பேட்டையைப் பற்றி அவர்கள் ஒரு தடவை பேசினார்கள் என்றும், அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை என்றும் வசந்தா சொல்கிறாள்.

அவனுக்குப் பயம் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தில் குடியிருக்காதவர்கள். விடிந்து கண் விழித்ததும், பக்கத்துப் பாய் காலியாக இருப்பது ஞாபகம் வரும் அந்த ஒரு நொடியில், எத்திராஜ் பெரும்பாலும் உள்ளே போய்விடுகிறான். தண்ணீர் தெறிக்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். பிறகு அவன் கூப்பிடுகிற சத்தம். பிறகு, படியில் வேட்டியைப் பிழிகிற சத்தம். போன தை மாதம் வசந்தா வீட்டுக்கு நாராயணவனத்திலிருந்து மருமகளாக வந்த சிவசங்கரி, முதல் நாள் காலையில் இதைக் கேட்டுப் பயந்துபோய் அடுப்படிக்கு ஓடி வந்தாள். "அத்தே, பக்கத்து வூட்ல யாரோ தண்ணியில வுழுந்துட்டாங்க!" என்றாள்.

வசந்தா கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எத்திராஜண்ணன் எழுந்துட்டாரு" என்றாள். "பால் வந்திருக்கும், போய் எடுத்தா."